கூடவே இருக்கக்கூடிய அளவு

ஆக்லாந்தில் குடை வைத்திருப்பவர்கள்தாம் அதிகம் நனைகிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்து, மண்டபத்தின் வாசற்கூரையின்கீழ் மழைக்கு ஒதுங்கி நின்ற எங்களைப் பார்த்து அவர் அதைச் சொன்னார். எங்கள் ஒவ்வொருவரிடமும் நல்ல குடை இருந்தது. வளைந்த மரப்பிடியுடன், ஒரு குடும்பமே ஒதுங்கக்கூடிய குடைகள். அவை வண்டிகளுக்குள் கிடந்தன. வண்டிகளோ மழைக்கு அந்தப் பக்கம் நின்றன. அவர் தமது காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் நீள மடக்குக் குடையை எடுத்து விரித்து, என் மனைவியை வண்டிவரை அழைத்துச் சென்று விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். குடைக்குள் அடங்காத அவருடைய தோள் ஒன்று முழுவதும் நனைந்திருந்தது.

“பெரிசு நல்லதுதான் ஐயா,” என்றார். “ஆனா பெரிசு எப்பவும் வேற எங்கயோ இருக்கும். தேவைப்படேக்க எது கூட இருக்குதோ, அதுதான் சரியான அளவு.”

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் நான் அவருடன் பழகினேன். அந்தக் காலத்தில் இந்தக் கருத்தை அவர் பொருத்திப் பார்க்காத பொருள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. விரல் நீளத் திருப்புளி ஒன்று, தீப்பெட்டிக்குள் அடங்கும் திருநீறு, உள்ளங்கையில் மறையும் கைவிளக்கு ஆகியவை எப்போதும் அவரிடம் இருக்கும். ஆங்கிலத்தைக்கூட அவர் அப்படித்தான் வைத்திருந்தார். மூன்று நான்கு சொற்களுக்கு மேற்பட்ட வாக்கியம் அவர் வாயிலிருந்து வராது. யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரியொன்றில் நீண்ட ஆங்கில வாக்கியங்களை மனனம் செய்து வளர்ந்த எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மொழியைச் சட்டைப்பைக்கு ஏற்ப வெட்டக்கூடாது என்று அவரிடம் சொன்னேன்.

“வெட்டேல்ல ஐயா, மடிச்சு வைச்சிருக்கிறன்,” என்றார்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. சங்க மலரில் ஒருமுறை அவர் பெயர் அச்சாகவிருந்தபோது, வீடு தேடி வந்து அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அன்று கொடுத்த வாக்கு இன்றும் செல்லும் என்றே கருதுகிறேன்.

மெலிந்த, உயரமான மனிதர். மவுண்ட் வெல்லிங்டனில் மரத் தளபாடங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார்; அங்கேயே அருகில் மனைவியுடனும் மகளுடனும் வாடகை வீட்டில் இருந்தார். எந்த விழாவானாலும் கட்டம் போட்ட சட்டை, தம் உடம்புக்கு ஓர் அளவு பெரியது, காற்சட்டைக்கு வெளியே விடப்பட்டது. அந்தக் கோலம் எனக்குப் பொறுக்கவில்லை. நகரசபை உறுப்பினர் ஒருவர் எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்தபோது, சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளும்படி அவரிடம் நேராகவே சொன்னேன். எங்கள் இனத்தை வெளியார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் தலைவராக இருந்த எனக்குப் பொறுப்பு இருந்தது. அவர் மறுக்கவும் இல்லை, கீழ்ப்படியவும் இல்லை. “நான் பின்னுக்கு நிக்கிறன் ஐயா,” என்று கடைசி வரிசைக்குப் பின்னால் போய், முதுகு சுவரில் படும்படி நின்றுகொண்டார்.

சட்டை பற்றிய இந்தச் சிறு பிணக்கு, வெள்ளிக்கிழமைப் பூசையில் பெரிதாகியது. வாடகை மண்டபத்தில் நடந்த பூசைதான் என்றாலும், ஆண்கள் மேற்சட்டையைக் களைந்துவிட்டே சுவாமிக்கு முன்னால் வரவேண்டும் என்று எங்கள் குழு விதித்திருந்தது. ஊரிலே எப்படியோ அப்படியே இங்கும். அவர் மட்டும் சட்டையோடு, செருப்புகள் கழற்றிவைக்கும் இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். தீபாராதனைக்கும் உள்ளே வருவதில்லை. பேச்சுக் கிளம்பியது. அவர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கிறதாம். கொழும்பில் பொலிஸிலே இருந்தவராம். இன்னும் எவருக்கோ உளவு பார்க்கிறாராம்.

பேச்சு வளர்வதற்கு முன் நானே அவரை வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சட்டையின் வலப்பக்கத்தை மட்டும் சற்று உயர்த்திக் காட்டினார். இடுப்பெலும்புக்குச் சிறிது மேலே, ஒரு பிஸ்கட் அளவு இடத்தில் தோல் கறுத்து, தடித்து, மயிர் இன்றி இருந்தது.

“இவ்வளவும்தான் ஐயா. வருசக்கணக்கா உரஞ்சினது.”

“துப்பாக்கி?”

“அது விமானம் ஏற முதலே ஒப்படைச்சாச்சு. ஆனா சேட்டைக் கழட்டினா ஆக்கள் இந்த இடத்தைப் பாப்பினம். என்னெண்டு கேப்பினம். பிறகு கதைப்பினம்.”

“இப்போதும் கதைக்கிறார்கள்தானே?”

“ஓம். ஆனா இப்ப கதைக்கிறது பொய். பொய்யெண்டாப் பரவாயில்லை.”

கொழும்பில் ஒரு தமிழ் அரசியல்வாதிக்குச் சிவில் உடையில் மெய்க்காவலராக இருந்த பொலிஸ்காரர் அவர் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அடுத்த குழுக் கூட்டத்தில், உடல்நலக் காரணம் உள்ளவர்கள் மேற்சட்டையுடன் உள்ளே வரலாம் என்றொரு திருத்தத்தை நான் முன்மொழிந்தேன். எவருடைய உடல்நலம் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பின்னரும் அவர் செருப்புகளுக்கு அருகிலேதான் நின்றார்.

அன்று முதல் அவர் என்னிடம் சற்று மனம்விட்டுப் பேசினார். அவருடைய ‘அளவு’ எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. முதலில் அவருக்குத் தரப்பட்டது பெரிய சேவைத் துப்பாக்கி. அவருடைய மெலிந்த உடம்பில் அது ஒளியவில்லை. கூட்டங்களில் சனங்கள் தன் முகத்தைப் பார்க்காமல் காவற்காரன் இடுப்பைப் பார்க்கிறார்கள் என்று அரசியல்வாதி குறைப்பட்டாராம். பிறகு நடுத்தர அளவு. அதற்குப் பிறகு சிறியது.

“குழல் நீளமெண்டாப் பரவாயில்லை ஐயா, அது காற்சட்டைக்குள்ள போயிடும். காட்டிக் குடுக்கிறது பிடிதான். குனிஞ்சா முதுகுப் பக்கத்தால துருத்தும், கையை உயத்தினா சேட்டு மேல போய்ப் பிடி தெரியும். சின்னன் ஒளியும். ஆனா ரெண்டு விரலுக்குத்தான் பிடி கிடைக்கும், சுட்டா கைக்குள்ள நிக்காது. நல்லாச் சுடக்கூடியது நல்லா ஒளியாது. நல்லா ஒளியிறது நல்லாச் சுடாது. இதுக்குள்ள ஒண்டைத் தெரிவுசெய்யவேணும்.”

“எத்தனை முறை சுட்டீர்கள்?”

“பழகிற இடத்திலதான். வெளியில ஒருக்காலும் எடுக்கேல்ல. நான் காவல் நிண்டவர் சீனி வருத்தத்தில, கட்டில்ல படுத்துத்தான் செத்தவர்.”

பெருமையோ ஏமாற்றமோ எதுவும் அந்தக் குரலில் இல்லை.

நான் சொல்லவந்த விடயம் ஆக்லாந்தின் மேற்குப் புறநகரான ரானுயியில் நடந்தது. என் மனைவியின் தம்பி அங்கே ஒரு டெய்ரி நடத்திவந்தான். டெய்ரி என்று இந்த நாட்டவர் சொல்வது தெருமூலைக் கடையை. பால், பாண்ரொட்டி, பத்திரிகை, சிகரெட் எல்லாம் அதில் விற்பார்கள். ஒரு மாலை, அவன் பின்னறையில் பாற்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தை மூடிய இருவர் உள்ளே வந்து, பணப்பெட்டியருகே நின்ற அவன் மனைவியின் கழுத்துக்கு நேரே கத்தியை நீட்டி, சிகரெட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் சத்தம் கேட்டுத் கூட்டும் தும்புத்தடியோடு ஓடிவந்தபோது கடைவாசலில் எவரும் இல்லை. அவளுக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதன்பிறகு கதவுமணி ஒலிக்கும்போதெல்லாம் கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மைத்துனன் ஹென்டர்சனில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

“அத்தான், ஒரு பிஸ்டல் எடுக்கப்போறன். இடுப்பில வைச்சுக்கொண்டு நிக்கப்போறன். எடுத்துத்தர ஒருத்தன் இருக்கிறான். எந்த அளவு வேணுமெண்டு கேக்கிறான். எனக்கு அதுதான் தெரியேல்ல.”

இந்த நாட்டில் பொலிஸ்காரரே வெறும் இடுப்புடன் வீதியில் நடக்கிறார்கள் என்று சொன்னேன். பிடிபட்டால் சிறை, அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, மனைவியும் ஆறு வயது மகளும் அவனுடைய விண்ணப்பத்தோடுதான் நிற்கிறார்கள். ஒரு தமிழன் மறைத்த துப்பாக்கியோடு பிடிபட்டான் என்று பத்திரிகையில் வந்தால், அதற்குப் பிறகு விசா கேட்டு வரும் ஒவ்வொரு தமிழனையும் அதிகாரி எந்தக் கண்ணால் பார்ப்பான் என்றும் கேட்டேன்.

“அத்தான், அவளின்ர கழுத்தில கத்தி வைக்கேக்க நான் பால் அடுக்கிக்கொண்டு நிண்டனான்,” என்றான். அதற்கு மேல் எதையும் அவன் கேட்பதாக இல்லை.

துப்பாக்கி சுமந்த ஒருவர் சொன்னால் கேட்பான் என்று எண்ணி அவரை வரவழைத்தேன். அவர் வந்து, முழுவதையும் கேட்டு, மைத்துனனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் மைத்துனன் குள்ளமும் பருமனுமான உடம்புக்காரன்.

“சரி தம்பி,” என்றார். “அளவு பாப்பம்.”

எனக்குக் கோபம் வந்தது. அவரை வெளியே அழைத்து, தடுக்கச் சொன்னால் தையற்காரன்போல அளவெடுக்கிறீரே என்று கேட்டேன்.

“நான் வேண்டாமெண்டா அவர் நாளைக்கே வாங்குவார் ஐயா. அளவு பாக்கிறமெண்டாப் பொறுப்பார். அவருக்கு அது தேவையோ எண்டதை அவற்ர உடம்பு சொல்லட்டும். எங்கட சொல்லுக்கு இப்ப காது இல்லை.”

அடுத்த சனிக்கிழமை ரானுயிக் கடைக்கு மூன்று மரக்கட்டைகளோடு வந்தார். தொழிற்சாலையில் கழித்துவிட்ட துண்டுகளைச் செதுக்கி, பெரிது, நடுத்தரம், சிறிது என்று கைத்துப்பாக்கி வடிவில் செய்திருந்தார். எடை சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக உள்ளே குடைந்து, தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வைத்து அடைத்திருந்தார். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் இடுப்பில் வைத்துக்கொண்டு கடையில் வேலை செய்யவேண்டும். அதற்குப் பிறகுதான் அளவைச் சொல்வேன் என்பது அவருடைய நிபந்தனை.

மைத்துனன் பெரியதை இடுப்பில் செருகினான். “எப்படி அத்தான், தெரியுதோ?”

“ஆமை ஓட்டைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது,” என்றேன்.

“இருங்கோ தம்பி,” என்றார் அவர். மைத்துனன் முக்காலியில் உட்கார்ந்ததும் “ஐயோ” என்று எழுந்துவிட்டான். கட்டையின் நுனி தொடையில் ஏறியிருந்தது. “இப்பக் குனிஞ்சு அந்தப் பால்பெட்டியைத் தூக்குங்கோ.” அவன் குனிந்தான். கட்டை கழன்று, காற்சட்டைக் காலுக்குள் இறங்கி, செருப்பின்மேல் தொப்பென்று விழுந்தது.

பணப்பெட்டிக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கத்தி நீட்டப்பட்ட நாளிலிருந்து அவள் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

“கள்ளன் வந்தா அவன்ர காலில போடுங்கோ,” என்றாள். “நோவில ஓடியிடுவான்.”

ஆயினும் அவன் ஒரு வாரம் அதைச் சுமந்தான். அடுத்த சனிக்கிழமை, இடுப்பெல்லாம் நீலம் பாய்ந்திருக்க, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்தரக் கட்டையை வாங்கிச் செருகினான். அது அவனுடைய வயிற்று மடிப்பில் ஒருவாறு அடங்கியது. முகம் மலர்ந்தது. கண்ணாடிக் குளிர்பெட்டியின் கதவில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

அப்போது அவனுடைய மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, வழக்கம்போல இரண்டு கைகளாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கன்னம் கட்டையில் மோதியது. அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “ஒண்டுமில்லையம்மா, போய் விளையாடு,” என்று மைத்துனன் அவளைச் சற்று விலக்கிவிட்டான். அவள் போனாள்.

நான் தற்செயலாகத் திரும்பியபோது, அந்த மனிதர் கடைவாசலுக்கு வெளியே போய் நின்றிருந்தார். நானும் போனேன்.

“சின்னன் எடுத்த பிறகு ஒருத்தருக்கும் தெரியாது ஐயா,” என்றார், வீதியைப் பார்த்தபடி. “பக்கத்தில நிக்கிறவனுக்கும் தெரியாது. ஆனா கட்டிப்பிடிச்சாத் தெரியும். அதால நான் ஒருத்தரையும் கிட்ட விடேல்ல. சின்ன வயசில என்ர மகள் வலப்பக்கத்தால ஓடிவந்தா தள்ளிவிடுவன். அவள் இடப்பக்கத்தால வரப் பழகினாள். இப்ப அவளுக்குப் பதினேழு வயசு. நான் கொண்டுதிரியிறேல்ல எண்டும் அவளுக்குத் தெரியும். இன்னும் றோட்டில நடக்கேக்க எனக்கு இடப்பக்கம்தான் வாறாள்.”

“மகளிடம் சொல்லலாமே.”

“என்னெண்டு சொல்லுறது? இந்தப் பக்கத்தாலயும் வரலாம் எண்டோ?”

சில விடயங்களில் பேசாமல் இருப்பதே மரியாதை என்று நான் நம்புகிறவன்.

“இதை அவனிடம் சொல்லுங்கள்,” என்று மட்டும் சொன்னேன்.

“பிள்ளையைத் தள்ளினதை அவர் தானாக் காணவேணும் ஐயா. மூண்டாவது கட்டையைக் குடுக்கேக்க சொல்லுவன்.”

மூன்றாவது கட்டையைக் கொடுக்கும் சனிக்கிழமை, அவருடைய சின்னஞ்சிறு ஜப்பானிய வண்டியில் நாங்கள் இருவரும் ரானுயிக்குப் போனோம். கடையை நெருங்கியபோது, வாடிக்கையாக வரும் வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் எதிரே வேகமாக நடந்து போனார். எப்போதும் என்னிடம் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறவர், அன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்ளே போனால், அவர் எடுத்துவைத்த பாணும் பாலும் பணப்பெட்டியருகே அப்படியே இருந்தன.

“கிழவிக்கு என்னமோ,” என்றான் மைத்துனன். “சிகரெட்டை எடுத்துத் திரும்பிறதுக்குள்ள போயிட்டுது.”

பிறகு வாடிக்கையாளர் எவரும் வரவில்லை; மைத்துனனின் மனைவியும் மகளும் பின்னறைப் பக்கம் நின்றார்கள். பேச்சு கட்டையைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. நடுத்தரமே தனக்குப் போதும், மூன்றாவது விளையாட்டுச் சாமான்போல இருக்கிறது என்று மைத்துனன் வாதாடினான். பெருமையோடு சட்டையைத் தூக்கியும் காட்டினான். கட்டை பளபளவென்று கறுப்பாக இருந்தது.

அவருடைய முகம் மாறியது. “இதுக்கு ஏன் கறுப்பு அடிச்சனீங்கள்?”

“வெள்ளைச் சேட்டுக்குள்ளால மரம் மஞ்சளாத் தெரியுது அண்ணை. மகளின்ர பள்ளிக்கூடச் சப்பாத்துப் பொலிஷ். நல்லா இருக்கெல்லே?”

“சிகரெட் எந்தத் தட்டில இருக்கு?”

மைத்துனன் தலைக்கு மேலே, கையை முழுவதும் உயர்த்தினால் மட்டுமே எட்டக்கூடிய தட்டைக் காட்டினான்.

அவர் திரும்பி வீதியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம், வண்டி ஓயாத அந்தத் தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. எதிர்ப்பக்க மதிலுக்குப் பின்னால் கறுப்பு உடையில் ஒருவர் குனிந்து போவது தெரிந்தது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல், நிதானமாக, மரியாதையாகக்கூட, பணப்பெட்டிக்குப் பின்னால் நிற்கும் மனிதர் கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

“மரம்,” என்றான் மைத்துனன். குரல் கீச்சிட்டது. “அத்தான், மரமெண்டு எடுத்துக் காட்டுறன்.”

அவனுடைய வலக்கை இடுப்புக்குப் போனது.

கடையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அந்தக் கை எங்கே போகிறது என்பதை வெளியே துப்பாக்கியோடு நின்ற விசேட பொலிஸ் பிரிவினர் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் கால் நகரவில்லை. அந்த மனிதர் நகர்ந்தார். பணப்பெட்டி மேசையைச் சுற்றிப்போய், நேருக்கு நேராக நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, மைத்துனனை அவன் இரு கைகளோடும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். இடுப்புக்குப் போன கை பாதி வழியில் அவருடைய பிடிக்குள் நின்றுபோனது.

“காட்டாதேங்கோ,” என்றார் அவன் காதருகே. “ஒண்டையும் எடுக்காதேங்கோ. விரலை விரிச்சுப் பிடியுங்கோ. என்னோட நடவுங்கோ. ஐயா, நீங்கள் முதல் கையை உயத்துங்கோ. தங்கச்சி, பிள்ளையோட பின்னறையில நிலத்தில இருங்கோ.”

இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினேன். சந்நிதிகளில் தவிர வேறெங்கும் நான் அப்படி நின்றதில்லை. அவர்கள் இருவரும், பிடியை விடாத மல்லர்களைப்போல, ஒருவர் பின்னோக்கியும் ஒருவர் முன்னோக்கியுமாக, பக்கவாட்டில் தள்ளாடித் தள்ளாடி வாசலை நோக்கிப் போனார்கள். வெளியே குரல்கள் உயர்ந்தன. அவனை விட்டு விலகு என்று அவருக்குக் கட்டளையிட்டார்கள். துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டி நின்ற அவர், தலையைத் திருப்பாமல் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்:

“அது மரம். துப்பாக்கி இல்லை. நான் பிடித்திருக்கிறேன்.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அதே தொனி, அதே மூன்று வாக்கியங்கள்.

நடைபாதையில் மூவரையும் குப்புறப் படுக்கவைத்தார்கள். அதற்காகத்தான் அவர் கடைசியில் பிடியை விட்டார். ஓர் அதிகாரி மைத்துனனின் இடுப்பிலிருந்து கட்டையை எடுத்து, எடையைப் பார்த்து முகம் இறுகி, பிறகு நகத்தால் சுரண்டினார். கறுப்பு விலகி மஞ்சள் மரம் தெரிந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். தம் ஆட்களுக்குக் கையசைத்தார், துப்பாக்கிகள் தாழ்ந்தன.

விசாரித்தார்கள். மைத்துனன் சிகரெட்டுக்குக் கையை உயர்த்தியபோது இடுப்பில் கறுப்புப் பிடியைக் கண்ட மூதாட்டிதான் பொலிஸை அழைத்திருந்தார். நான் முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, விளக்கவேண்டியதை முறையாக விளக்கினேன். கொள்ளை நடந்ததையும் மனைவியின் நிலையையும் சொன்னேன். அந்த அதிகாரி, இது முடிந்திருக்கக்கூடிய விதத்தை மைத்துனனுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு போனார். வழக்கு எதுவும் வரவில்லை. விண்ணப்பத்துக்கும் பங்கம் நேரவில்லை.

மைத்துனன் கடைப்படியில் உட்கார்ந்திருந்தான். அதிர்ச்சியில் இருப்பவர்கள் கேட்பதுபோல, முடிவு தெரியாத ஒரே விடயம் அதுதான் என்பதுபோல, கேட்டான்:

“அண்ணை, அப்ப எந்த அளவு?”

அவர் அவனுடைய வயிற்றைப் பார்த்தார். “உங்களுக்கு ஒரு அளவும் சரிவராது தம்பி. சுத்திப் பிடிக்க என்ர கை ரெண்டும் எட்டேல்ல.”

அப்போதுதான் அவன் மனைவி மகளோடு வெளியே வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

“நான் உங்களைப் பிஸ்டல் கேட்டனானே?” என்றாள் கணவனிடம். “ஒருநாளும் கேக்கேல்லையே. பின்னேரம் வந்தா எனக்குப் பயமா இருக்கு. பால் பிறகு அடுக்கலாம். முன்னுக்கு வந்து என்னோட நில்லுங்கோ. அவ்வளவுதான்.”

எழுந்து உள்ளே போய், பின்னறையிலிருந்து ஒரு பாற்பெட்டியை இழுத்துவந்து, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தான். கதவுமணி ஒலித்தது. என்ன நடந்தது என்று கேட்க அயலவர்கள் வரத்தொடங்கினார்கள். மூதாட்டி விட்டுப்போன பாணை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அவள் கையிலிருந்து அது கீழே விழவில்லை.

“ஐயா, வெளிக்கிடுவம்,” என்றார் அவர்.

வண்டியில் ஏறியவர் சாவியைத் துவாரத்தில் போட முயன்றார். சாவி இரண்டு முறை வழுக்கிக் கீழே விழுந்தது. இறங்கி என்னை ஓட்டச் சொல்லிவிட்டு மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். சட்டையின் முன்புறமெல்லாம் சப்பாத்துப் பொலிஷ். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நான் தகுந்த சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவரே பேசினார்.

“ஐயா, அந்தத் தம்பியின்ர நெஞ்சு அடிச்சது எனக்குள்ள கேட்டது.”

அச்சத்தோடு சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. முகம் மலர்ந்திருந்தது.

“இவ்வளவு சத்தமாக் கேக்குமெண்டு எனக்குத் தெரியாது,” என்றார்.